தைலம் மணத்த தேயிலை

என்னிடம் யாரும் அதிகாரம் எதையும் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு குன்னூர் மலையில் ஜெகதளாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஆலையே சாட்சி. கை கழுவும் முன் சோப்பை ஒருமுறை கழுவுகிற ரகம் நான். (சிரிக்காதீர்கள். அந்தக் கொரோனா காலத்தில் நீங்களும் பால் பாக்கெட்டைக் குளிப்பாட்டியவர்கள்தான்.)

அந்த ஆலையில் நான் கணக்கெழுதுபவள். பிறந்தது காரமடைப் பக்கம், கல்யாணமாகி மலையேறியவள். எங்கள் ஆலைக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவர்கள் பறித்துத் தரும் பச்சை இலையை வாங்கி, வாட்டி, அரைத்து, காயவைத்து, தூளாக்கிக் குன்னூர் ஏலத்துக்கு அனுப்புவோம். தேயிலை விலை விழுந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. நடுவில் கொஞ்சம் ஏறி ஆசை காட்டிவிட்டு மறுபடியும் சரிந்தது. பக்கத்து ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கொரோனாவின் இரண்டாம் அலையும் வந்தது.

முதலாளி போஜா கவுடர் எங்கள் எல்லோரையும் முற்றத்தில் தள்ளித் தள்ளி உட்கார வைத்துப் பேசினார்.

"இந்த மாசம் பாப்போம். டீ நல்ல பேரோட ஏலத்துக்குப் போச்சுன்னா ஓட்டலாம். காய்ச்சல் உள்ளே வந்து ஃபேக்டரியை அடைச்சாலும் சரி, நம்ம சரக்கு வேண்டாம்னு திரும்பி வந்தாலும் சரி, பூட்டிருவேன். எனக்கும் வயசாச்சு. பசங்க பெங்களூர்ல இருந்து தினமும் மூடுங்கப்பா மூடுங்கப்பாங்கறாங்க."

அந்த ஆலை மூடினால் அங்கே வேலை பார்ப்பவர்களோடு போகாது. இலை கொடுக்கும் அத்தனை குடும்பங்களும் பறித்த இலையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? முதலாளி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான்.

"கலாமணி அம்மா, காய்ச்சல் உள்ளே வராம பாத்துக்கறது உங்க பொறுப்பு."

என் வீட்டுக்காரர் சுந்தரம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். பாதுகாப்பு விதிகளைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பவர். அவரிடம் யோசனை கேட்டேன்.

"எங்க கேட்டுல தீப்பெட்டி, பீடி எதுவும் உள்ள போகாது. தடவிப் பாத்துத்தான் விடுவாங்க. உன்ற கேட்டுல எது உள்ள போகக் கூடாது?"

"காய்ச்சல்."

"அதை எந்தப் பாக்கெட்டுல தடவிப் பாப்பே?" என்றார். நல்ல கேள்வி. ஆனால் கேள்விகளைக் கண்டு பின்வாங்கும் நிலையை நான் தாண்டியிருந்தேன்.

'பேரிடர்க் காலத் தொடர் இயக்கத் திட்டம்' என்று தலைப்பிட்டு ஒரு கோப்பு தயாரித்தேன். யாருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் வேலையை யார் பார்ப்பது, யார் யாரோடு சாப்பிடக் கூடாது, யார் எங்கே தும்மலாம் என்பது வரை அதில் இருந்தது. ஆட்கள் அதற்கு 'மேடம் சட்டம்' என்று சுருக்கமாகப் பெயர் வைத்தார்கள். முதல் நாள் வாசலில் நின்று, நெற்றியில் வெப்பம் பார்க்கும் கருவியைத் துப்பாக்கி போல நீட்டினேன். காலைப் பனியில் நடந்து வந்தவர்களின் நெற்றி எப்படி இருக்கும்? கருவி காட்டிய அளவை நம்பினால், வந்தவர்களில் பாதிப்பேர் இறந்து சில மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

அப்போதுதான் மூக்கு நினைவுக்கு வந்தது. இந்த நோய் வந்தால் வாசனை தெரியாது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. நம் மலையில் யூகலிப்டஸ் தைலத்துக்கா பஞ்சம்? பஞ்சில் தைலத்தை நனைத்து ஒவ்வொருவர் மூக்கருகிலும் நீட்டி, "என்ன வாசம்?" என்று கேட்டேன். முதல் ஆள் "தைலம்" என்றார். பின்னால் நின்றவர்களுக்கும் அது கேட்டுவிட்டதால், நான் பஞ்சை எடுப்பதற்கு முன்பே வரிசை முழுவதும் "தைலம், தைலம்" என்று பஜனை பாடிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

மறுநாள் பெருங்காயம் கொண்டுபோனேன். தூள் சலிக்கும் பிரிவில் இருக்கும் ராணி முகர்ந்து பார்த்துவிட்டு, "பெருங்காயமுங்க. ஆனா மட்டமான சரக்குங்க மேடம், எந்தக் கடையில வாங்குனீங்க?" என்றாள். அடுத்த நாள் மண்ணெண்ணெய். அதற்கடுத்த நாள் கருவாடு. கருவாட்டு நாளன்று சுத்த சைவக்காரர் ஒருவர் லீவு போட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் தைலத்துக்கே திரும்பினேன்.

இதையெல்லாம் ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர் எங்கள் டீ மேக்கர் ராமையா. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். இலை பக்குவமாகிவிட்டதா என்பதை மூக்காலேயே சொல்லிவிடுவார். அந்தக் கர்வம் அவர் நடையிலேயே தெரியும். "மாஸ்க்கைப் போட்டுட்டு நான் எப்படிங்க டீ செய்றது? உங்க சட்டத்துல என்ற மூக்குக்கு மட்டும் லீவா?" என்று தினமும் சண்டை. ஒரு நாள் அவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்ரீமதுரை என்ற ஊரில் நடந்த ஒரு விசேஷத்துக்குப் போய்வந்தார். அங்கே வந்திருந்த ஒருவருக்குத் தொற்று என்று தகவல் வந்தது. என் சட்டப்படி அவரை வீட்டுக்கு அனுப்பினேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாஸ்க் மிகவும் உதவியாக இருந்தது.

என்னைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள் வீட்டில் அடைபட்டிருக்க, என் மூளை அதிவேகத்தில் ஓடியது. பச்சை இலையை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய காற்றாடிகளால் காற்றைச் செலுத்தித்தான் வாட்டுவார்கள். சாயங்காலம் கொட்டினால் காலை வரை காற்று அந்த இலை வழியாகவே ஏறி, கட்டடம் முழுவதும் சுற்றும். எனக்குத் தோன்றியது இதுதான்: அந்தக் காற்றைச் சுத்தப்படுத்திவிட்டால்?

காற்றாடிகளின் வாய்க்கு முன்னால் தைலத்தில் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டேன். எல்லோருடைய மாஸ்க்கிலும் இரண்டு சொட்டுத் தைலம் விட உத்தரவிட்டேன். ராமையாவின் உதவியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "உங்க மாஸ்க் மூக்குக்குக் கீழே இருக்கு" என்றேன். அவர் அதைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

தேயிலையைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் அதை இழுத்து வைத்துக்கொள்ளும். சமையலறையில் டீத்தூள் டப்பாவைத் திறந்து வைக்கக் கூடாது என்பது எந்த வீட்டிலும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அது அந்த நேரத்தில் என் மண்டையில் உதிக்கவேயில்லை. மாஸ்க்கிலேயே தைலம் இருந்ததால் ஆலைக்குள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு நாள் இலை வாடி, அரைபட்டு, காய்ந்து, மூட்டையாகி, மாதிரிப் பொட்டலம் குன்னூருக்குப் போனது. ராமையா போனில் விசாரித்தபோது, "எல்லாம் பிரமாதமா ஓடுதுங்க" என்றேன்.

ஏலத்துக்கு முன் டீயைச் சுவைத்துப் பார்த்து மதிப்புப் போடும் தரகர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் மிகவும் மரியாதையானவர்.

"ஏனுங்க மேடம், நீங்க அனுப்பினது குடிக்கறதுக்குங்களா, நெஞ்சுல தடவறதுக்குங்களா?"

"என்னங்க சொல்றீங்க?"

"ஒரு வாய்தானுங்க வெச்சேன். ஒரு வாரமா இருந்த சளி கரைஞ்சு போச்சு. இதை டீன்னு எழுதி ஏலத்துல வைக்க முடியாதுங்க. மன்னிச்சுக்கோங்க."

போனை வைத்த பிறகு மாஸ்க்கைக் கழற்றி வெளியே போய் நன்றாக மூச்சு வாங்கிவிட்டு, கிடங்குக்கு வந்து ஒரு மூட்டையைப் பிரித்தேன். கண்ணில் நீர் வந்தது. பாதி தைலத்தால், மீதி பயத்தால். அந்த மாதம் தாண்ட வேண்டும் என்று எத்தனை பேர் காத்திருந்தார்கள்! நோய் உள்ளே வராமல் காக்கிறேன் என்று, ஆலையை மூடுவதற்கு முதலாளி சொன்ன இரண்டாவது காரணத்தை நானே தயாரித்துக் கொடுத்திருந்தேன். வெட்கத்தில் அப்படியே கிடங்கிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளிக்குப் போனில் சொன்னேன். மறுநாள் காலையில் அவர் கார் வந்து நின்றது. பின்சீட்டில் புத்தம்புதுப் பெரிய பூட்டு ஒன்று கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். வாசலில் அவர் மூக்கைச் சோதிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? நேராகக் கிடங்குக்கு நடந்தார். நாங்கள் ஊர்வலமாகப் பின்னால் போனோம்.

"எந்த மூட்டை?"

காட்டினேன். ஒரு கை அள்ளினார். மாஸ்க்கை இறக்கி, முகத்தருகே கொண்டுபோய் நிதானமாக முகர்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னம்மா? நல்லாத்தானே இருக்கு?"

கண்ணைத் திறந்தேன். மறுபடியும் முகர்ந்தார். "ஒரு நாத்தமும் இல்லையே. நல்ல டீ. எவன் வேண்டாம்னு சொன்னான்?"

அடுத்த நொடியில் எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை என்னவென்று சொல்வது! கோபக்காரர் என்று பெயரெடுத்த மனிதர், ஒரு கணக்கெழுதும் பெண்ணின் மானத்தைக் காப்பாற்ற எல்லோர் முன்னாலும் இப்படிப் பொய் சொல்கிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டு, "உங்க பெருந்தன்மையை ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேனுங்க" என்று ஆரம்பித்தேன்.

பின்னாலிருந்து ராணி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"மேடம், அழுவாதீங்க. அவருக்கு வாசம் தெரியலைங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். நான் ஓடிப்போய்த் தைல பாட்டிலைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து அவர் மூக்கருகே நீட்டினேன்.

"இது என்ன வாசமுங்க?"

முதலாளி பாட்டிலை வாங்கி ஆழமாக இழுத்தார். யோசித்தார். "தண்ணியா?" என்றார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கோப்பில் யார் யாருக்கோ மாற்று ஏற்பாடு எழுதியிருந்த நான், முதலாளிக்கு என்ன செய்வதென்று ஒரு வரிகூட எழுதவில்லை. என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, பெங்களூருக்கும் தகவல் சொன்னார். முதலாளியோ, "எனக்கு ஒண்ணுமில்லை, கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்" என்று வாதாடிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் விரலில் கருவியை மாட்டிப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. ரத்தத்தில் பிராணவாயு இறங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு நாள் வீட்டில் இருந்திருந்தால் கஷ்டம் என்றார். முதலாளிக்கு மனைவி இல்லை. தனியாகத்தான் இருந்தார். வீட்டில் எது கருகினாலும் கெட்டாலும் சொல்ல ஆளில்லை. அதை நினைத்து எனக்கு அன்று முழுக்க ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

ஆலையைப் பூட்ட வந்தவர் வார்டில் படுத்துவிட்டார். எங்களுக்கு எடுத்த சோதனையில் யாருக்கும் தொற்றில்லை; பூட்டச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. காலையில் வழக்கம்போல இலை வந்து இறங்கியது. திருப்பி அனுப்ப எங்களுக்கு மனசு வரவில்லை. ராமையா தொற்று இல்லை என்ற சீட்டோடு திரும்பி வந்தார். கிடங்கைத் திறந்து ஒரே ஒரு முறை மூச்சை இழுத்தவர், என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மேடம், நீங்க ஆபீஸை விட்டு வெளிய வராதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

சாக்குகளை எரித்து, தொட்டிகளைக் கழுவி, கதவுகளையெல்லாம் திறந்துவைத்து ஆலைக்குள் இருந்த தைல ஆவியைப் போக்கினார். பிறகு செய்த டீ அருமையாக வந்தது. தரகர் அலுவலகத்து மரியாதைக்காரர் போன் செய்து, "இப்ப டீ மாதிரியே இருக்குங்க" என்று பாராட்டினார். தைலச் சரக்கை ஒரு மூட்டை தவிர மற்றதையெல்லாம் செடிகளுக்கு எருவாகப் போட்டோம். அந்த வருடம் எந்தச் செடிக்கும் ஜலதோஷம் வரவில்லை என்று ராமையா இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

என் வீட்டில் கதை வேறு மாதிரி நிலைத்துவிட்டது. என் சமையலை யாராவது "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும், என் வீட்டுக்காரர் எழுந்துபோய்த் தைல பாட்டிலை எடுத்து வந்து அவர் மூக்கருகே நீட்டுகிறார். விருந்தாளியானாலும் விடுவதில்லை. கல்யாணமாகிப் போன என் மகள், அவள் மாமியார் வீட்டிலும் இந்தப் பழக்கத்தைப் பரப்பிவிட்டாள்.

முதலாளி மெலிந்து, தடி ஊன்றித் திரும்பி வந்த அன்று மறுபடியும் எல்லோரும் முற்றத்தில் கூடினோம். மகன் பெங்களூரிலிருந்து கூடவே வந்திருந்தார். எங்கள் எல்லோர் மனதிலும் ஒரே கேள்விதான்: ஆலை ஓடுமா, மூடுமா? ராமையா புதிய டீயை ஆற்றிக் கொடுத்தார். முதலாளி முகர்ந்தார்; உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணும் தெரியலைப்பா. அந்த அம்மா செஞ்ச டீ இருந்தா கொண்டாங்க."

மிச்சமிருந்த மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி வந்தேன். நெடுநேரம் மூக்கருகே வைத்திருந்தார். பிறகு மெதுவாக அவர் கண்கள் கலங்கின.

"லேசா வருது. தைலம் மாதிரி... லேசா வருதும்மா."

ராணி கை தட்டினாள். எல்லோரும் தட்டினோம். மகன் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பா, ஃபேக்டரி விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"அதான் பாத்தியே, நான் இல்லாமலும் ஓடியிருக்கு. மூக்கு பூரா சரியாகட்டும். அதுவரைக்கும் ஓடட்டும்" என்றார் முதலாளி.

வருடங்கள் ஆகிவிட்டன. முதலாளி முற்றத்தைக் கடந்து போகும்போதே பிரிவு பிரிவாக இன்று டீ எப்படி வருகிறது என்று வாசனையிலேயே சொல்கிறார். ராமையாவோடு போட்டி வேறு. ஆனால் மகன் போன் செய்து மூக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம், எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "இன்னும் பூரா வரலையேப்பா" என்கிறார்.