சவர்க்காரமா, மணலா?

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் எவ்வளவு பெரிய கப்பலையும் திருப்பிவிடலாம். புள்ளியரை ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது மட்டும் நடக்காத காரியம். உட்துறைமுக வீதியில் அவருடைய ஸ்டூடியோவுக்கு மேல்மாடிக் கந்தோரில் மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். எங்கே வேண்டுமானாலும் இதற்குக் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

அவருக்குப் பிளாஷ் பிடிக்காது. "நித்திரை கொள்ளுற ஆளின்ர முகத்தில தண்ணி ஊத்தலாமோ? அது மாதிரித்தான் தம்பி பிளாஷ் அடிக்கிறதும்" என்பார். கோயில் மூலையானாலும் மண்டபத்தின் பின்வரிசையானாலும், இருக்கிற வெளிச்சத்தில்தான் எடுப்பார். அதற்காகக் கமராவில் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவார். அதை ஏற்ற ஏற்ற இருட்டிலும் படம் விழும். கூடவே படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளியும் விழும். மற்றவர்கள் ஆயிரத்து அறுநூறிலேயே பயந்து நின்றுவிடுவார்கள். நம்மவர் இருபத்தையாயிரத்தில்தான் மூச்சே விடத் தொடங்குவார். ஒரு கல்யாண அல்பத்தைப் பார்த்த பெண்ணின் தாய், "ஐயோ, மாப்பிள்ளைக்குக் கொப்புளிப்பானோ?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அவர் பெயர் புள்ளியர். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

புள்ளியை அடக்குவதற்கு வழி இல்லாமல் இல்லை. கமரா பிடித்ததைச் சமைக்காமல் பச்சையாகவே வைத்திருக்கும் கோப்புக்கு 'ரோ' என்று பெயர். கணினியில் ஏதாவதொரு மென்பொருளில் போட்டுச் சமைத்தால்தான் அது படமாகும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கைப்பக்குவம். புள்ளியர் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் முப்பது நாள் இலவசமாகப் பாவித்துப் பார்த்து, கடைசியில் இரண்டில் வந்து நின்றார். ஒன்று புள்ளியை எல்லாம் வழித்துத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினதுபோல முகத்தை வழுவழுப்பாக்கிவிடும். அதற்கு அவர் வைத்த பெயர் சவர்க்காரம். மற்றது புள்ளியைக் கொஞ்சம் விட்டுவைக்கும். ஆனால் தாடியில் ஒரு மயிரைக்கூடத் தொலைக்காது. அது மணல்.

தாடி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மூதூர் போகிற லோஞ்சுப் படகில், பின்னேரம் இருட்டுப்படுகிற மைம்மலுக்குள், வாழைக்குலையோடு உட்கார்ந்திருந்த யாரோ ஒரு தாடிக்காரரை அவர் ஒருமுறை எடுத்திருந்தார். பரீட்சைப் படம் அதுதான். இடது பக்கம் சவர்க்காரத் தாடி, வலது பக்கம் மணல் தாடி. இரண்டையும் பெரிதாக்கித் திரையில் போட்டுவிட்டு வாசலில் நிற்பார். வீதியால் போகிற யாராக இருந்தாலும் கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து கதிரையில் இருத்திவிடுவார்.

"வடிவாப் பாருங்கோ. எது நல்லம்?"

பக்கத்துப் பேக்கரியின் கிண்ணியா நானா பணிஸ் தட்டோடு வந்து மாட்டிக்கொள்வார். "ரெண்டும் ஒண்டுதானே புள்ளியர்!"

"எப்பிடி ஒண்டாகும் நானா? இந்தக் காதுக்குக் கீழ பாருங்கோ."

"காதுக்குக் கீழ என்ன, தாடிதான் இருக்கி. எனக்கு அடுப்புல பாண் கிடக்கு, விடுங்க!"

தேவாலயத்துப் பங்குச் சுவாமியையும் அவர் விட்டுவைக்கவில்லை. பூசை முடிந்த கையோடு மடிக்கணினியை விரித்துக்கொண்டு போய் நின்றாராம். சுவாமி நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஆண்டவரின்ர பிள்ளைகள்தான்" என்று சொல்லித் தப்பிவிட்டார். எங்கள் வீதிக்காரர் தங்கள் சொந்த முகத்தைவிட அந்தத் தாடியைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள்.

நான் வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்தவன். நிலாவெளியில் ஒற்றை அறை. நாலு நாற்பது பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கும்போது, கீழ்ப்படியில் புள்ளியர் நிற்பார். "தம்பி, ஒரு அஞ்சு நிமிசம்." ஒரு கிழமையில் மூன்று நாள் பஸ் போய்விட்டது. மூன்றாம் நாள் எனக்கு மண்டை விறைத்துப்போயிற்று.

அடுத்த நாள் பேக்கரியில் ஒரு சதி செய்தேன். இனி யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு "சவர்க்காரம்" என்று சொல்லவேண்டும். எல்லோரும் ஒரே வாயில் சொன்னால் மனிதர் முடிவெடுத்துத்தானே ஆகவேண்டும்? நானா என் முதுகில் தட்டி, "படிச்ச புள்ளதான்" என்று ஒரு பணிஸ் தந்தார்.

நாலே நாளில் காரியம் முடிந்தது. நானா சவர்க்காரம். நானாவின் கடையில் மாப் பிசைபவர் சவர்க்காரம். முச்சக்கரவண்டிக்காரர் கதிரையில் இருக்கவே இல்லை, வண்டியை நிறுத்தாமலே "சவர்க்காரம்!" என்று கத்திவிட்டுப் போனார். கடைசியாக நான். புள்ளியர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"வடிவாத் தெரியுதோ தம்பி?"

"ஓம் அண்ணை. சந்தேகமே இல்லை."

"அப்ப சரி" என்றார். திரையை அணைத்தார்.

வீதிக்கே விடுதலை கிடைத்தது. நான் தினமும் நாலு நாற்பது பஸ்ஸில், யன்னலோரத்தில், வெற்றி வீரனாகப் போனேன். இரண்டு கிழமை யாரும் அந்த வாசல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேறு காரணமும் இல்லை. எல்லோர் கையிலும் கமரா வைத்த போன் இருக்கும் காலம் இது.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்கவேண்டி வந்தபோதுதான் நான் போனேன். புள்ளியர் முகச்சவரம் செய்து பல நாள் இருக்கும். கதிரையின் மேல் பழைய பத்திரிகைகள் அடுக்கிக் கிடந்தன. அவற்றை எடுத்து எனக்கு இடம் பண்ணித் தந்தார். எதுவும் கேட்கவில்லை. மூன்று நிமிடத்தில் படம் தயாராகிவிட்டது. திரையில் பார்த்தேன். என் கன்னத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். மீசையில் மயிர் மயிராகத் தெரிந்தது.

"அண்ணை, இது மணலெல்லோ? நாங்கள் சவர்க்காரம் எண்டு சொன்னனாங்கள்."

"அதை ஆர் பாவிக்கிறது? முகத்தை மெழுகாக்கிப் போடும். நான் மணல்தான் எண்டு முடிவெடுத்து மூண்டு வருசம்."

"அப்ப ஏன் எங்களைக் கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்?"

அவர் சுத்தமாக இருந்த கமரா வில்லையை இன்னொருமுறை துடைத்தார். கல்யாணம் கட்டாதவர். கூட இருந்த அக்காவும் காலமான பிறகு, ஸ்டூடியோவின் பின்னறையில்தான் சமையலும் படுக்கையும்.

"கேட்டால் ஆக்கள் உள்ள வருவினம் தம்பி. அஞ்சு நிமிசமெண்டாலும் இருப்பினம். ஏசிப்போட்டுத்தான் போவினம், அது பரவாயில்லை. இப்ப எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லிப்போட்டியள். இனி நான் என்னத்தைக் கேக்கிறது?"

பஸ்ஸைப் பிடிப்பதற்காக ஒரு மனிதரின் வாசலையே பூட்டிவிட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

நேரே பேக்கரிக்குப் போனேன். நானாவிடம் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. சொன்னால் எல்லோரும் பாவம் பார்த்துக்கொண்டு வருவார்கள். அது அவருக்கு இன்னும் மோசம். "நானா, சவர்க்காரத்துக்குப் புதுப் பதிப்பு வந்திருக்காம். பழைய முடிவு செல்லாது" என்றேன்.

நானா தட்டைக் கீழே வைத்தார். "யா அல்லாஹ், திரும்பவுமா?"

பிறகு வாசலுக்கு வந்து, ஸ்டூடியோப் பக்கம் பார்த்துக் கத்தினார்: "புள்ளியர்! அந்தத் தாடியப் போடுங்க, வாறன். ஆனா நான் இந்த முறை மணல்தான் சொல்லுவன், இப்பவே சொல்லிப்போட்டன்!"

அதன்பின் இடமாற்றம் வரும்வரை நானும் நாலு நாற்பது பஸ்ஸை விட்டுவிட்டு, ஸ்டூடியோக் கதிரையில் இருந்துவிட்டு ஐந்தரை பஸ்ஸில்தான் போனேன். புள்ளியருக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தப் படங்களில் எது நல்லது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நிலாவெளி அறைக்குப் போனால் என்னிடம் ஒரு அபிப்பிராயம் கேட்க ஒருவரும் இல்லை; அவர் கேட்டார், நான் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.