பூட்டின் அடியில் ஒரு சின்ன ஓட்டை

முன்கோபிகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு எதிர்ப்புறம் நடந்துவிடலாம். கஞ்சர்களை ஒரு டீக்கடையில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ‘ஏந்தெரியுமா’ என்கிற இனத்தைச் சேர்ந்தவர் உங்கள் பக்கத்தில் வந்து உட்காரும்போது பரம சாதுவாக, சலவைச் சட்டையோடு, யாருக்கும் தீங்கு நினைக்காதவர் மாதிரிதான் இருப்பார். உண்மையில் நினைக்கவும் மாட்டார். நீங்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான். பேனாவை எடுக்கிறீர்கள்.

“அந்த மூடியோட நுனியில ஒரு ஓட்டை இருக்கு பாருங்க. ஏந்தெரியுமா?”

தெரியாது என்றால் சொல்வார். தெரியும் என்றாலும் சொல்வார். சின்னப் பிள்ளைகள் மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கிக்கொண்டால் கொஞ்சமாவது மூச்சு போய் வரட்டும் என்பதற்காக வைத்த ஓட்டை அது என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் உங்களுக்கு மூச்சு முட்டியிருக்கும். எதை எழுதப் பேனாவை எடுத்தீர்கள் என்பதும் மறந்திருக்கும்.

சொல்வது பொய்யாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு எழுந்து போகலாம். எல்லாம் நிஜம். அதுதான் கொடுமை.

நம்முடைய ஏந்தெரியுமா ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. பெயரை வைத்தவர்கள் அலுவலகத்துக்காரர்கள்; அது எப்படியோ வழி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. காலொடிந்து படுத்திருந்த சக ஊழியரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனவர், அறுவை சிகிச்சை செய்பவர்கள் பச்சை உடுத்துவது ஏன் என்று தொடங்கி, ரத்தச் சிவப்பையே பார்த்துக் களைத்த கண்ணுக்குப் பச்சைதான் ஆறுதல் என்று வளர்த்து, நிஜமாகவே பச்சை உடுத்தி வந்து நின்ற டாக்டரை வாசலிலேயே காக்க வைத்தார். கல்யாணமான புதிதில் கட்டிலுக்கு மெத்தை வாங்க அளவெடுத்தார்கள். இரும்பு டேப்பின் கொக்கி வைத்த முனையை மனைவி பிடித்துக்கொண்டாள். “கொக்கி லொடலொடன்னு ஆடுதேன்னு பாக்காத. ஏந்தெரியுமா?” என்றார் இவர். உள்பக்கம் அளந்தாலும் வெளிப்பக்கம் அளந்தாலும் கொக்கியின் கனம் கணக்கைக் கெடுக்கக் கூடாது. அதனால் அந்தக் கனத்துக்குத் தக்கபடி அது ஆடித்தான் ஆக வேண்டும். அருமையான விளக்கம். மெத்தை வந்தபோது கட்டிலைவிட ஒரு சாண் நீளமாக இருந்தது.

எந்தப் பொருள் ஏன் அப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எங்கே இருக்கிறது என்பதற்கு மட்டும் மனைவியைக் கூப்பிட வேண்டும்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறாள். கண்ணாடி மாற்ற வந்த ஒருவனை அவளுக்குப் பிடித்துப்போய், அவனுக்கும் பிடித்துப்போய், பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்ட வேண்டியது மட்டும் பாக்கி என்ற நிலையில், அவன் தன் பெற்றோரோடு ஞாயிற்றுக்கிழமை மாலை வருவதாக ஏற்பாடு. வீட்டில் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் இருந்தது. போன வருஷம் தெரிந்தவர்கள் மூலம் வந்த ஒரு நல்ல குடும்பம், ஜீன்ஸில் அந்தக் குட்டிப் பை எதற்கு என்பதுவரை தாக்குப்பிடித்தது. விமான ஜன்னலில் இருக்கும் துளைக்கு வந்ததும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டது.

“இந்தாங்க, ஒரே ஒரு சாயங்காலம். வாங்க, உக்காருங்க, டீ எடுத்துக்கோங்க. இதைத் தவிர உங்க வாயிலேருந்து ஒண்ணும் வரக்கூடாது” என்றாள் மனைவி.

“அவங்களா ஏதாவது கேட்டா?”

“சிரிங்க.”

“நான் என்ன ஊமையா?”

“இன்னிக்கு மட்டும்.”

மகளுக்கு அம்மாவைப்போல் கண்டிப்புக் காட்டத் தெரியாது. “அப்பா, எனக்காகப்பா” என்றாள். மனைவியின் உத்தரவை மீறும் வழி பல உண்டு. இதை மீற வழியில்லை. தலையாட்டினார்.

அவர் தலையாட்டலை மட்டும் நம்பி உட்கார்ந்துவிட மனைவி என்ன நேற்றுக் கல்யாணமானவளா? குழந்தைக்கு எட்டாமல் கத்தியை ஒளிப்பதுபோல், முன்னறையிலிருந்து பேனா, டேப்பு, கடிகாரம், பல் வைத்த ஜிப் மாட்டிய பை என்று ஆபத்தான பொருள் ஒவ்வொன்றையும் அள்ளி உள்ளே கொண்டுபோனாள். மிஞ்சியவை நாற்காலிகளும் ஒரு டீப்பாயும்தான். வாசலில் கார் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கேட்டின் பூட்டைத் திறந்தாள். சாவியை உள்ளே ஆணியில் மாட்டியவள், வரவேற்கிற பரபரப்பில் கையிலிருந்த பூட்டை டீப்பாயின்மேல் வைத்துவிட்டாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். “வாங்க” என்றார் அப்பா. “வணக்கம்” என்றார் பையனின் அப்பா, கூர்மூக்கும் வழுக்கையுமாக இருந்த மனிதர். அவ்வளவுதான். பேச்சு படுத்துக்கொண்டது.

பையன் முயன்றான். “வர்ற வழியில டிராஃபிக்கே இல்லீங்க.” அந்த வாக்கியத்தைக் கையில் வாங்க ஆளில்லை.

“சாருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?” என்று பையனின் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“அய்யய்யோ, அதெல்லாம் இல்லீங்க. அவங்க எப்பவுமே இப்படித்தான். வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது” என்றாள் மனைவி. மகளுக்கு டீ மூக்கில் ஏறியது.

“எங்க வீட்டுக்காரரும் அதிகம் பேசமாட்டார்” என்றாள் வந்தவள். இதைச் சொல்லும்போது அவள் தன் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த மாதிரி இடத்தில் மௌனம் சும்மா இருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? பெண்ணின் அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தால், இந்த இடம் அவருக்குப் பிடிக்கவில்லை, பெண் அழுது சம்மதிக்க வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். பையனின் அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தால், வீடு சின்னது, டீ தண்ணீர், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அர்த்தம். இரண்டு அம்மாக்களும் எதிராளியின் மௌனத்தை இப்படி மொழிபெயர்த்து உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே, வெளியே வெயிலைப் பற்றிப் பேசினார்கள். வெயில் தீர்ந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள். அதுவும் நின்றது. பையனின் அம்மா கைப்பையை மடிக்கு இழுத்தாள்.

“அப்ப... நாங்க கிளம்பட்டுமா?”

டீ இன்னும் ஆறவில்லை. ஆறாத டீயை வைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் மறுபடி வருவதில்லை என்பது மகளுக்குத் தெரியும். பையனைப் பார்த்தாள், அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமும் அழுகையுமாக அப்பாவைப் பார்த்தாள். அவர் கழுத்தில் தொண்டைமுடிச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சொல்ல வந்த விஷயத்தை அவர் விழுங்கும்போதெல்லாம் அது அப்படித்தான் ஆடும். தற்செயலாக அவள் கண் எதிர் நாற்காலிக்குப் போனது. கூர்மூக்குக்காரரின் கழுத்திலும் அதே ஆட்டம்.

நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்த்தே பிழைப்பவள் அவள். இரண்டு ஜோடிக் கண்களும் எங்கே போகின்றன என்று பார்த்தாள். டீப்பாயில், தலைகீழாகக் கிடந்த பூட்டில் போய்ச் சந்தித்துக்கொண்டன.

அட கடவுளே! இங்கேயும் ஒன்றா?

“அப்பா” என்றாள். “இந்தப் பூட்டோட அடியில, சாவி போடற இடத்துக்குப் பக்கத்துல, ஒரு சின்ன ஓட்டை இருக்கே. அது எதுக்குப்பா?”

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“மழைத்தண்ணி வடியறதுக்கு!” என்றார் அப்பா.

“எண்ணெய் விடறதுக்கு!” என்றார் கூர்மூக்கு, அதே நொடியில்.



“என்ன சார் சொல்றீங்க? தண்ணி உள்ள நின்னா துருப்பிடிச்சுடும், அதுக்குத்தான் வழி வச்சிருக்கான்.”

“துருப்பிடிக்காம இருக்கத்தானேங்க எண்ணெய்? இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?”

“எண்ணெயைச் சாவித் துவாரத்துல விட்டாப் போதாதா?”

“தண்ணியும் சாவித் துவாரத்துலயே வடியாதா?”

இருவர் சொன்னதும் சரி. ஒருவர் தப்பாக இருந்தால் சண்டை அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். இருவருமே சரி என்பதால் அது முடிவதற்கு முகாந்திரமே இல்லை. அந்தக் கூர்மூக்கு முகத்தில் ஒளி வந்துவிட்டது. அப்பாவுக்கோ பத்து வயது குறைந்துவிட்டது. ஒருவர் தண்ணீர்ச் செம்பும் ஒருவர் எண்ணெய்க் கிண்ணமுமாக, பூட்டை எடுத்துக்கொண்டு, நிரூபித்தே தீர்வதென்று வாசலுக்குப் போய்விட்டார்கள்.

பையனின் அம்மா குரலைத் தாழ்த்தினாள். “உங்க வீட்லயும் இப்படியா?”

“கல்யாணமான நாள்லேருந்து.”

“வாயைத் திறக்கக் கூடாதுன்னு கார்லயே சத்தியம் வாங்கிட்டு வந்தேங்க!”

“நான் காலையிலேயே வாங்கிட்டேன்!”

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கைப்பை மடியிலிருந்து தரைக்கு இறங்கியது. ஆறிப்போன டீக்குப் பதில் புது டீ வந்தது. குறை சொல்லித் தீர்க்க வேண்டியது இரண்டு பக்கமும் ஏராளமாகச் சேர்ந்திருந்தது.

வாசலில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் குரல். “ஏம்மா... இந்தப் பூட்டோட சாவி உள்ளயா இருக்கு?” இருவரும் கேட்டுக்கு வெளியே நின்றபடி, பூட்டைக் கேட்டில் மாட்டிப் பூட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

மனைவி ஆணியிலிருந்த சாவியை எடுக்க எழுந்தாள். பையனின் அம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“இருங்க சம்பந்தி. இப்ப என்ன அவசரம்?”

பிறகு சமையலறையில் மகளைத் தனியாக மடக்கினாள் அம்மா. “எல்லாம் சரிடி. அப்பனுக்கு இருக்கறது பிள்ளைக்கும் இருந்துட்டா? என்னத்தைப் பாத்து மயங்கின நீ?”

“கண் டெஸ்ட் பண்ற போர்டுல கடைசி வரி இருக்கும்ல, பொடி எழுத்து? அங்க வந்தா எல்லாருமே ஊகிச்சுத்தாம்மா சொல்லுவாங்க. இவர் ஒருத்தர்தான் ‘தெரியலைங்க’ன்னார்.”

அம்மா எட்டிப் பார்த்தாள். முன்னறையில் பையன், தன் அம்மா கேட்ட எதற்கோ தெரியாது என்று தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தான். அவள் இதுவரை எந்த ஆண்பிள்ளையையும் அவ்வளவு மரியாதையோடு பார்த்ததில்லை.

அவர்கள் கதை கிடக்கட்டும். இவ்வளவு நேரம் உங்களையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் எழுந்துபோய் உங்கள் வீட்டுப் பூட்டைத் திருப்பிப் பார்த்தீர்களே, அது தப்பில்லை, யாரும் செய்வதுதான். திரும்பி வரும்போது, இதை யாரிடம் சொல்லலாம் என்று வீடு முழுக்கக் கண்ணால் துழாவினீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கவலை. உங்கள் முகத்தைப் பார்த்ததும் வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் குளியலறையில் வேலை வந்தது தற்செயல் என்றா நினைக்கிறீர்கள்?