ஒரே ஒருவர் கொண்ட சமூகம்

"ஒரு கட்டத்துலதான் டிக் போடணும், ராதிவோய். ரெண்டுல போட்டா விடுமுறைக் குழு என்ன செய்யும்னு எனக்கே தெரியாது."

"எனக்கு அப்பா ஒருத்தர் இருந்தார், அம்மா ஒருத்தி இருந்தா. இவங்கள்ல யாரை இல்லைன்னு எழுதட்டும், ஒந்திரேய்?"

விடுமுறைப் பிரிவு எழுத்தர் ஒந்திரேய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மேசைமேல் மாகாண சபையின் புதிய விடுமுறைப் படிவம் ஆறு மொழிகளில் விரிந்து கிடந்தது. ஏழாவது கேள்விக்கு நேராக ஒன்பது கட்டங்கள். 'தாங்கள் எந்தச் சமூகம்?'

ராதிவோய் சபையின் அவசரத் தொலைபேசிப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவர். ஆற்றில் பனிக்கட்டி அடைத்தாலும் பாலம் மூடினாலும் அந்தத் தொலைபேசிதான் அடிக்கும். பண்டிகை என்று அதை விட்டுப் போக முடியாது. அதனால் அங்கே பழைய வழக்கம் ஒன்று உண்டு. டிசம்பர் கிறிஸ்துமஸுக்கு ஹங்கேரியர்களும் ஸ்லோவாக்குகளும் வீட்டுக்குப் போவார்கள், செர்பியர்கள் உட்காருவார்கள். பழைய நாட்காட்டிப்படி செர்பியர்களின் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதி; அன்று அவர்கள் போவார்கள், மற்றவர்கள் உட்காருவார்கள். யாரும் எழுதி வைத்த விதியல்ல.

ராதிவோயின் அப்பா செர்பியர், அம்மா ஹங்கேரியர். அவர் இரண்டு கிறிஸ்துமஸுக்கும் வீட்டில் இருப்பார். இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்த வருடம் வியன்னாவிலிருந்து மகள் தாரிங்கா கைக்குழந்தையோடு வருகிறாள். அவள் கடைசியாக வந்து மூன்று வருடமாகிறது. டிசம்பர் இருபத்துநாலாம் தேதி மதியம் ரயில். பேத்தியை அவர் இன்னும் கையில் வாங்கியதில்லை.

"செர்பியர்னு போட்டா டிசம்பர்ல டியூட்டி. ஹங்கேரியர்னு போட்டா ஜனவரியில டியூட்டி. ரெண்டுலயும் போடறேன், பார்ப்போம்" என்று அழுத்தி இரண்டு டிக் போட்டார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. 'தாங்கள் இரு சமூகங்களிலும் பாதிப் பாதி. எனவே டிசம்பரில் அரை நாளும் ஜனவரியில் அரை நாளும் பணி.'

"ரெண்டு பண்டிகையையும் கெடுத்துட்டானுங்க" என்று ராதிவோய் நடைபாதையிலேயே கத்தினார். "மனுஷனை ரொட்டி மாதிரி அறுத்துப் பங்கு போடறாங்க, பிரோஷ்கா அம்மா."

வாசல் காவலில் இருந்துகொண்டு, ஆளில்லாத நேரத்தில் தொலைபேசியையும் பார்த்துக்கொள்ளும் பிரோஷ்கா நனைந்த மிதியடியை உதறிக்கொண்டிருந்தாள். அறுபதை நெருங்கும் ஹங்கேரியப் பெண்மணி. ஞாயிறு பூசையைத் தவறவிடாதவள். "சார், அந்தப் படிவம் வந்து…" என்று ஆரம்பித்தாள்.

"அதைப் பத்திப் பேசாதீங்க. ரத்தம் கொதிக்குது" என்று அவர் படியேறிவிட்டார்.

புதுப் படிவம் வாங்கினார். இம்முறை ஏழாவது கேள்வியைத் தொடவேயில்லை.

பதில் மறுநாளே வந்தது. 'சமூகம் குறிப்பிடாதவர்களுக்குப் பண்டிகை இல்லை. ஆகவே தாங்கள் இரு கிறிஸ்துமஸுக்கும் முழுநாள் பணிக்குத் தகுதியானவர்.'

"தகுதியானவராம்" என்று வீட்டில் கடிதத்தை மேசையில் அடித்தார்.

மனைவி சுசானா கசகசாவை அரைத்துக்கொண்டே, "பேசாம அரை நாளுக்கே ஒத்துக்கிட்டிருக்கலாம்" என்றாள்.

"அநியாயத்துக்குப் பாதியா ஒத்துக்கச் சொல்றியா?"

"பேத்தியைப் பாதி நாளாவது பார்த்திருப்பீங்க."

அது அவருக்கு இன்னும் உறைத்தது. அடுத்த நாள் ஒந்திரேயின் மேசை முன் நின்றபடியே மூன்றாவது படிவத்தை நிரப்பினார். ஒன்பதாவது கட்டத்தில் 'வேறு' என்று இருந்தது. அதில் டிக் போட்டு, பக்கத்துக் கோட்டில் 'ராதிவோய்' என்று தன் பெயரையே எழுதினார்.

"இது வேண்டாங்க. குழுவுல ஒருத்தருக்கும் சிரிப்பு வராது" என்றார் ஒந்திரேய்.

"எனக்கும்தான் வரலை. அனுப்புங்க."

ஒரு வாரம் கழித்து முத்திரை வைத்த உறை வந்தது. மாகாணத்தின் புதிய சமூகத்தைச் சபை மனமார வரவேற்றிருந்தது. மக்கள்தொகை: ஒன்று. சமூகத்துக்குக் கொடி இருந்தால் அளவுடன் தெரிவிக்கும்படி கேட்டிருந்தது. கடைசிப் பத்தியை ஒந்திரேய் தயங்கித் தயங்கிப் படித்தார்.

"'ஒவ்வொரு சமூகமும் மற்றச் சமூகங்களின் பண்டிகை நாளில் ஒரு பிரதிநிதியைப் பணிக்கு அனுப்ப வேண்டும்…' உங்க சமூகத்துல வேற யாரும் இல்லையே, ராதிவோய்."

"அப்ப ரெண்டு கிறிஸ்துமஸும்?"

"ரெண்டு ஈஸ்டரும். முஸ்லிம்களோட பெருநாளும் இருக்கு."

"என் சமூகத்தோட பண்டிகை என்னிக்கு?"

"அதை நீங்கதான் தெரிவிக்கணும். ஆறு மொழியில."

டிசம்பர் இருபத்துநாலு மதியம், ராதிவோய் அவசரத் தொலைபேசியின் முன் உட்கார்ந்திருந்தார். ரயில் வந்துவிட்டது. சுசானா பேத்தியின் அழுகையைப் போனில் கேட்க வைத்திருந்தாள். வீட்டில் மீன் சூப் கொதிக்கிறது, பண்டிகை வழக்கப்படி மேசைக்கடியில் வைக்கோல் பரப்பியாகிவிட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சபைத் தலைவருக்குப் புகார் எழுதினார். 'மனிதனைக் கட்டத்தில் அடைக்கும் இந்தப் படிவம் எந்த இரக்கமற்ற மூளையில் உதித்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.'

கதவு திறந்தது. பிரோஷ்கா, கோட்டும் தலைத்துணியுமாக, வீட்டுக்குப் புறப்பட்டு வந்து நின்றாள். கையில் கசகசா ரொட்டி ஒரு சுருள்.

"உங்களுக்குத்தான் சார். பண்டிகை நாள்ல வெறும் வயித்தோட இருக்கக் கூடாது."

அவர் எழுதுவதையும் முகத்தையும் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"எழுந்திரிங்க. நான் பார்த்துக்கறேன். குழந்தை காத்திருக்கு."

"உங்களுக்கும் இன்னிக்குப் பண்டிகைதானே?"

"ஆண்டவர் இந்தத் தொலைபேசிக்குப் பக்கத்துலயும் பிறப்பார் சார். போங்க."

ராதிவோய்க்குக் கண் கலங்கியது. தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி அவள் கைகளைப் பற்றிக்கொண்டார். "உங்களை மாதிரி ஒரு நல்ல மனசு அந்தச் சபையில இருந்திருந்தா, இப்படியொரு படிவம் வந்தே இருக்காது, பிரோஷ்கா அம்மா."

பிரோஷ்கா கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவங்களைத் திட்டாதீங்க சார். பதினோரு வருஷமா டிசம்பர்ல நீங்க வீட்டுக்குப் போனப்போ உங்க முறைக்கு நான்தானே இங்க உக்காந்தேன். இந்த ஒரு கிறிஸ்துமஸுக்கு மட்டும் நான் வீட்டுல இருக்கட்டுமான்னு சபைக்கு எழுதிக் குடுத்த ஒத்தை வரியைத்தான் அவங்க ஆறு மொழியில படிவமா அடிச்சுட்டாங்க."