ஏரியல் அண்ணன் முருகனிடம் கொடுத்து வைத்த கேசட்

கோலா சிலாங்கூரில் பாதிப் பேருக்கு ஏரியல் அண்ணனின் முகத்தைவிட உள்ளங்கால்தான் நன்றாகத் தெரியும். எந்நேரமும் யாராவது ஒருவர் வீட்டுத் தகரக் கூரைமேல் நிற்பார். நாம் கீழே நின்று அண்ணாந்து பேசுவோம். டிவிக்கு ஏரியல் கட்டுவது அவர் தொழில். சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதும் நானே, பெயர் என்ற இடத்தில் ஏரியல் என்று எழுதிவிட்டு நட்சத்திரத்தை மட்டும்தான் கேட்டேன். முருகனும் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

கூரையில் நின்று கம்பியைத் திருப்பியபடி, வீட்டுக்குள் இருப்பவர்களிடம் "கம்பார் அடா?" என்று கத்துவார். படம் தெரிகிறதா என்று மலாயில் கேட்பது. நாள் முழுவதும் அதையே கேட்டுக் கேட்டு, தரையில் நடக்கும்போதும் அவருக்கு அதுதான் வணக்கம். ஒருமுறை சாவு வீட்டில், மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பியவர், அழுதுகொண்டிருந்த பெரிய மகனின் கையைப் பிடித்து உருக்கமாக "கம்பார் அடா?" என்றார். அந்த மகன் அழுகையை நிறுத்திவிட்டு, "ரெண்டாவது சேனல் மட்டும் இல்லண்ணே" என்றானாம்.

பாசிர் பெனம்பாங்கில் ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், மீன்பிடிப் படகிலும் ஏரியல் கட்டினார். படம் கண்ணாடி போல் தெரிந்தது. ஒரே குறை, படகின் மூக்கு கரையைப் பார்த்து நின்றால்தான் தெரியும். பந்தாட்டம் நடந்த ஒரு மாதமும் அந்தப் படகு மீன் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. தவுக்கே கோபித்துக்கொண்டதற்கு, கடலைத் திருப்பி வைக்க முடியுமா என்று பார்க்கிறேன் என்றாராம் இவர்.

எண்பதுகளின் நடுவில் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. கப்பலில் வேலை செய்தவர் ஒருவர் சிங்கப்பூரில் வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்ததை, கூரை வேலைக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டார். தட்டச்சு இயந்திரத்தில் காகிதம் வைக்கும் பாகத்தை அறுத்து எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. டிவியில் சொருகினால் பெரிய பெரிய கட்டைக் கட்டையான ஆங்கில எழுத்து வரும். அதுவும் நம் ஊர் டிவியோடு ஒத்துப்போகாமல் மேலே மேலே ஓடிக்கொண்டே இருக்கும். வளைவாக ஒரு கோடு போடச் சொன்னால் அதற்கு வராது. ஏரியல் அண்ணனுக்கோ அதில் ஒரு வேல் வர வேண்டும். வேலுக்குக் கீழே தமிழில் ஓம் என்று வர வேண்டும்.

அதற்காக அவரே ஒரு பெட்டி செய்தார். பழைய டிவிகளின் குடலையெல்லாம் எடுத்து, பிஸ்கட் டின்னுக்குள் அடைத்து, கம்ப்யூட்டரின் முதுகில் சொருகினார். இனிமேல் படம் போடுவது அந்த டின்னின் வேலை. அதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் நான் கைகூப்பினேன். அவர் தலையை ஆட்டினார்.

"தோட்டத்துக்குப் புது மண்டோர் வந்துட்டாரு, சரி. வந்த ஆளு மண்டோருன்னு ஆபீஸ்ல இருந்து கடுதாசி வந்தாத்தானே ஆளுங்க மதிப்பாங்க? பெட்டி இருந்தா மட்டும் போதுமாண்ணே? பெட்டி இருக்குன்னு சொல்லணும். அந்தக் கடுதாசியத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன்."

மண்டோர் என்றால் கங்காணி. சொன்னவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் எல்லோரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கடுதாசி முழுக்க முழுக்க எண்கள். பள்ளிக்கூட நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி, கம்ப்யூட்டரில் அடித்து, தப்பு கண்டுபிடித்து, திருத்தி, மறுபடி அடித்து, ஒரு வருடம் ஓடியது. வேலின் வளைவுக்குப் புள்ளிக் கணக்குப் பார்க்க, மனைவி பாக்கியம் அக்கா வாசலில் போடும் கோலத்தைக் குனிந்து குனிந்து எண்ணுவார். அடுப்பங்கரை மேசையில் கம்ப்யூட்டர், அரிசி டின் மேல் டிவி, கரண்ட் வயர் குறுக்கே. அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கெடு வைத்தார்.

"பங்குனி உத்திரம் வரைக்கும் பாப்பேன். அன்னைக்குக் கோயில்ல நாலு பேரு முன்னால இது வேலை செய்யணும். செய்யலையா, பெட்டியக் கட்டிப் போட்டுருவேன். அப்புறம் நீங்க உண்டு, உங்க கூரை உண்டு."

கோயில் தலைவர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அன்னதானத்துக்கு முன் பத்து நிமிடம் தருவதாக ஒப்புக்கொண்டார். "டிவில சாமி வர்றது இருக்கட்டும், முதல்ல நியூஸ் ஒழுங்கா வரட்டும் லா" என்றும் சொன்னார்.

இனிமேல் எழுதப் போவதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. எழுதும்போதே முகம் சுடுகிறது.

கம்ப்யூட்டரை அணைத்தால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் அந்த எண்களைச் சாதாரணப் பாட்டுக் கேசட்டில்தான் பதிந்து வைப்பார். திருத்தம் எல்லாம் செய்து முடித்த கடைசிப் பதிவை இரண்டு கேசட்டில் எடுத்தார். ஒன்று வீட்டில். இன்னொன்றை மஞ்சள் துணியில் சுற்றி, குங்குமம் வைத்து, கோயிலுக்குக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"வீட்டுல ஒழுகுது, கரப்பான் வேற. முருகன்கிட்ட இருந்தா பத்திரம்ணே."

கோயிலில் ஒலிபெருக்கியும் கேசட்டும் என் பொறுப்பு. வாங்கி, அபிஷேகச் சாமான் அலமாரியில் வைத்தேன். கேசட்டின் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பல்லையும் அவர் உடைத்திருந்தார். உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் படித்தது தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. எண்ணெய் ஆலையில் லோரி எடை பார்ப்பது வேலை. என்னிடம் பெருமைப்பட ஒன்று உண்டென்றால், பதிகம் பாடுவேன். தினமும் காலையில் கோயில் ஒலிபெருக்கியில் என் குரல் வந்தால் ஊருக்கு எவ்வளவு நன்மை என்று எனக்கு ஓர் எண்ணம். அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சீனப் பெருநாள் சமயம். ஒரு வாரமாக ஊரில் ஒரு கடை திறக்கவில்லை, என் பாட்டைப் பதியப் புதுக் கேசட் வாங்க வழியில்லை. அலமாரியைத் திறந்தேன். மஞ்சள் துணியை அவிழ்த்தேன். போட்டுக் கேட்டேன். மலைச்சரிவில் பிரேக் பிடித்த லோரிக்குள் ஆயிரம் சில்வண்டு மாட்டிக்கொண்டதுபோல் ஒரு கிறீச்சல்.

யாருடைய கேசட் என்பதை மறந்துவிட்டேன் என்றால் அது பொய். ஈரத்தில் கெட்டுப்போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம்தான் வீட்டில் இன்னொன்று இருக்கிறதே என்றும் சொல்லிக்கொண்டேன். சாமி பேரை அதில் பாடுவது எப்படிப் பாவமாகும் என்றும் கேட்டுக்கொண்டேன். கேட்டது நான், பதில் சொன்னதும் நான். பிறகு உடைந்த பல் இருந்த இடத்தில் செலோடேப்பை ஒட்டி, மறுபடி பதியும்படி ஆக்கி, சுருதிப் பெட்டியை எடுத்து வைத்து, கண்ணை மூடிப் பாடினேன். பாடி முடித்து, கேட்டு மகிழ்ந்து, ஊரே கேட்கும்படி பங்குனி உத்திரத்தன்று போடலாம் என்று அதே மஞ்சள் துணியில் சுற்றி வைத்தேன்.

பங்குனி உத்திரத்தன்று பால்குடம் முடிந்து, மண்டபத்தில் ஜனம் உட்கார்ந்திருந்தது. மேசைமேல் டிவி, கம்ப்யூட்டர், பிஸ்கட் டின். டின்னுக்கும் ஒரு சின்ன மாலை. ஏரியல் அண்ணன் வெள்ளை வேட்டியில் அடையாளமே தெரியாமல் இருந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார். காலையில் ஒத்திகை பார்க்கும்போது வீட்டுக் கேசட்டை ரெக்கார்டர் தின்றுவிட்டதாம், நாடா இடியப்பமாக வெளியே வந்துவிட்டதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"நல்லவேளை, முருகன்கிட்ட ஒண்ணு இருக்கு. எடுத்துக் குடுங்கண்ணே."

அலமாரி வரை எப்படி நடந்தேனோ தெரியாது. அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முருகா, என் பாட்டுக்கு அடியில் அந்தக் கிறீச்சல் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாதா என்று வேண்டியபடி கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "இப்ப நம்ம ஏரியல் முருகனை டிவில கூட்டிட்டு வரப் போறாரு. வரலன்னா அவரே மேல ஏறிப் போயி இறக்கிட்டு வருவாரு." மண்டபம் சிரித்தது. ஏரியல் அண்ணனும் சிரித்தார்.

கேசட் ஓடியது. டிவி சும்மா இருந்தது. இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். முன்வரிசையில் பாக்கியம் அக்கா தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏரியல் அண்ணன் கம்ப்யூட்டருக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட்டு ரெக்கார்டரைத் தூக்கிக் காதோடு வைத்தார். கிறீச்சலை வைத்தே எண்கள் சரியா என்று சொல்லிவிடுவார் அவர். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. கொசு பாடுவதுபோல் என் குரல்.

அவர் விரல் கேசட்டின் விளிம்பைத் தடவியது. செலோடேப் தட்டுப்பட்டிருக்கும். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒருமுறைதான்.

"என்னா லா ஆச்சு?" என்றார் தலைவர்.

"கேசட் மாறிப்போச்சுண்ணே. என் தப்புதான். வீட்டுலயே சரியாப் பாக்காம குடுத்துட்டேன்."

"அப்ப சாமி வரல. சாப்பாடு வந்துருச்சு, எல்லாரும் பந்திக்குப் போங்க."

ஜனம் எழுந்தது. போகிற போக்கில் யாரோ "கம்பார் அடா?" என்று அவர் குரலிலேயே கேட்க, பந்தி முழுக்க அதே பேச்சு. நெற்றி நிறைய விபூதியோடு நான் அன்று சாம்பார் ஊற்றினேன். அக்காவின் இலையில் ஒரு கரண்டி கூடவே ஊற்றினேன். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று சாயந்திரமே பெட்டியைச் சாக்கில் கட்டி உள்ளே போட்டுவிட்டார்.

அதன்பிறகு நான் அவரைப் பார்க்காமல் ஒளிந்தேன். அந்தக் கஷ்டம் யாருக்கும் வரக் கூடாது. கூரைமேல் நிற்கும் ஓர் ஆளிடமிருந்து எந்தத் தெருவில் ஒளிவது? ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். அங்கேயும் ஒரு கூரைமேல் இரண்டு உள்ளங்கால் தெரிந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். கோயில் ஒலிபெருக்கி கெட்டுவிட்டது. கூப்பிடாமலே வந்தார். மேலே ஏறிச் சரிசெய்தார், இறங்கினார், பையிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்து என் கையில் வைத்தார். நான் ஒட்டிய செலோடேப் கோணலாக இருந்தது. அதை எடுத்துவிட்டு நேராக வேறு ஒட்டியிருந்தார்.

"முழுசாக் கேட்டேண்ணே. பாட்டு நல்லாத்தான் இருக்கு. மூணாவது அடிக்கு முன்னால மட்டும் ஒரு மூச்சு எடுத்துக்குங்க. அந்த எடத்துல இழுக்குது."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இதற்கு எங்கே விழுவது?

நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் அது பழைய கணக்கு, திருத்தியதெல்லாம் கேசட்டோடு போய்விட்டது என்றார். "நான் படிக்கிறேண்ணே, நீங்க அடிங்க" என்றேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும், கோயில் தேங்காய் பழத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா சாக்கைக் காட்டி, அவிழ்க்க முடியாது என்றார். நான் தட்டை நீட்டினேன். அக்கா தட்டைப் பார்த்தார், என் விபூதியைப் பார்த்தார். "கோயில் ஆளே வந்து நிக்கிறாரு. அப்ப இது சாமி காரியந்தான் போல" என்று முடிச்சை அவிழ்த்தார். திருடனுக்குத் தாம்பூலம் வைத்ததுபோல் இருந்தது எனக்கு.

எடை பார்க்கிறவன் என்பதால் எண் படிப்பதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால் கோயில் பழக்கம் விடவில்லை. இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் "நூத்தி அறுபத்தொம்போது, பூச்சியம், நூத்தி நாப்பத்தொண்ணு" என்று நூற்றெட்டுப் போற்றி ராகத்தில் வந்துவிடும். அடுப்பில் நிற்கும் அக்கா பழக்கதோஷத்தில் "போற்றி" என்பார். அண்ணன் அதையும் அடித்துவிட்டு அழிப்பார். அடித்து முடிக்கவே ஆறு சனிக்கிழமை. பிறகு திருத்தம். நெல் வயலில் அறுப்பு வந்து போனது, மழைக்காலமும் பிறந்தது. ஒரு சனிக்கிழமை, வெளியே நல்ல மழை, அவர் பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் குனிந்திருந்தார். டிவிக்கு முன்னால் நான். திரை கறுத்தது. மேலே ஒரு வெள்ளைப் புள்ளி. பிறகு ஒரு வரி, அதற்குக் கீழே இன்னொரு வரி. வளைந்தது. ஓடவில்லை, குலுங்கவில்லை. வேலின் இலை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"கம்பார் அடா?" என்றார் பின்னாலிருந்து.

"அடாண்ணே" என்றேன். கரண்டியோடு வந்த அக்கா, கரண்டியோடே கைகூப்பினார்.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று, "அண்ணே, அந்தக் கேசட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"இருங்கண்ணே. இன்னும் ஓம் வரல" என்றார்.

ஓம் வந்தது. நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிட்டது. அடுத்த பங்குனி உத்திரத்தில் மண்டபத்திலும் காட்டினோம். தலைவர் டிவிக்குத் தன் கையாலேயே மாலை போட்டார். அதன்பிறகும் எத்தனையோ வருடம் இருந்தது சொல்வதற்கு. ஏரியல் அண்ணன் காலமாகிவிட்டார். நானும் புக்கிட் செந்தோசாவில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பாக்கியம் அக்கா வாரம் தவறாமல் இந்தப் பத்திரிகை படிப்பவர். அக்கா, அன்று கேசட் மாறவில்லை. அண்ணன் சரியாகத்தான் கொடுத்திருந்தார். செலோடேப் ஒட்டியது நான். மன்னிக்க வேண்டும்.

இப்போதும் காலையில் பூசை அறையில் அதே பதிகத்தைப் பாடுகிறேன். மூன்றாவது அடிக்கு முன்னால் நிறுத்தி ஒரு மூச்சு எடுப்பேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது என்று மருமகள் கவலைப்படுகிறாள். மூச்சு வாங்கவில்லை அம்மா. அது ஏரியல் அண்ணன் சொன்ன இடம்.