ஆறப் போட்ட ஹார்டு டிஸ்க்

இந்த வீட்டில் என் கையால் ஒரு காரியமாவது உருப்படியாக நடக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பல் தேய்க்கும்போதே முடிவு செய்தேன். முடிவு செய்வது எனக்குக் கைவந்த கலை. அதற்கப்புறம் நடப்பதுதான் தகராறு.

எங்கள் கம்ப்யூட்டருக்கு உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஹார்டு டிஸ்க் 'டக், டக்' என்று முனகியது. ஒரு படத்தைத் திறந்தால் பாதி வந்து நின்றுவிடும். அந்த டிஸ்க்கில்தான் என் மகள் இருந்தாள். அதாவது, அவள் பிறந்ததிலிருந்து வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனது வரை எடுத்த படங்கள் மொத்தமும். முளைத்தும் முளைக்காத பல்லோடு "ப்பா, போ!" என்று என்னை விரட்டும் வீடியோ ஒன்றும். இப்போதெல்லாம் அவள் மணிக்கணக்கில் பேசுவது அம்மாவிடம். என்னிடம் "நல்லா இருக்கீங்களாப்பா?" என்பதோடு சரி. இந்தப் படங்களும் போனால் எனக்கென்று அவளிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு கேள்விதான்.

"ஏங்க, கடைக்காரரைக் கூப்பிட்டா வந்து மாத்திக் குடுத்துட்டுப் போறாரு" என்றாள் மனைவி.

"எதுக்கு? புது டிஸ்க் வாங்கியாச்சு. பழசுல இருக்கிறதை சிஸ்டத்தோட சேர்த்து அப்படியே புதுசுக்கு நகல் எடுக்கணும். அவ்வளவுதான். சின்னக் குழந்தைகூடச் செஞ்சிடும்."

"குழந்தை செஞ்சா எனக்கென்ன பயம்? நீங்கல்ல செய்யப் போறீங்க?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

இரண்டு டிஸ்க்கையும் மாட்டினேன். எதிலிருந்து எதற்கு என்று கேட்டது, பென் டிரைவில் போட்டு ஓடவிட்ட நகல் எடுக்கும் புரோகிராம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. திரையில் ஒன்று, இரண்டு என்று எண் மட்டும்தான். யோசித்தேன். ஒரு குடும்பம் என்றால் மூத்தவருக்குத்தானே முதலிடம்? பழசுதான் மூத்தது. ஆக, ஒன்று பழசு, இரண்டு புதுசு. ஒன்றிலிருந்து இரண்டுக்கு என்று அழுத்தினேன். 'இரண்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?' என்றது. புதுசில் அழிய என்ன இருக்கிறது? தாராளமாக என்றேன்.

கம்ப்யூட்டருக்கு மூத்தவர் இளையவர் மரியாதை எதுவும் கிடையாது என்பது வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது. புது டிஸ்க்கில் இருந்த வெறுமையைச் சொட்டுகூடச் சிந்தாமல் பழைய டிஸ்க்கில் ஊற்றி வைத்திருந்தேன். அந்த புரோகிராமிலேயே இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தேன். துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கண்ணைத் துடைக்கலாம் என்றால் கையெல்லாம் தூசி.

"ஆச்சா?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஆச்சு. ஆனா உடனே போடக் கூடாது. நகல் எடுத்தா கொஞ்ச நாள் ஆற விடணும்."

"காய்ச்சின பால் மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"சரிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாக "சரிங்க" சொன்னதே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பெற்ற மகளின் சின்ன வயசையே தொலைத்துவிட்டேன் என்று ஒரு தாயிடம் எந்த வாயால் சொல்வது? வாயால் முடியாததை உடம்பால் ஈடுகட்டினேன். "ஏங்க, ஃபேனெல்லாம் ஒரே தூசி" என்றாள். துடைத்தேன். "ஜன்னல் திரை?" துவைத்தேன். பாத்ரூம் தரையைத் தேய்த்தேன். நான் கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், "பாவம், கம்ப்யூட்டர் இன்னும் ஆறலையா?" என்பாள். உடனே குனிந்துவிடுவேன். தூக்கத்தில்கூட 'டக், டக்' கேட்டது.

வார முடிவில் மகள் கூப்பிட்டாள். மனைவி போனை என் கையில் கொடுத்தாள்.

"நல்லா இருக்கீங்களாப்பா?"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மனைவி துணி மடித்துக்கொண்டிருந்த கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தேன். மனைவி பேசி வைக்கும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எல்லாம் போச்சும்மா. ஒரு படம் மிச்சமில்ல. நான்தான் அழிச்சேன்."

அவள் தலையணை உறையை மடித்துக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"தெரியுமா!"

"அது முனகுன அன்னிக்கே எல்லாத்தையும் தனியா ஒரு டிஸ்க்குல எடுத்து பீரோவுல வெச்சாச்சு. பொண்ணு போன்ல சொல்லச் சொல்ல நான்தான் செஞ்சேன். 'அப்பா கை வெக்கிறதுக்குள்ள எடுத்துடும்மா'ன்னு ஒரே அவசரம் அவளுக்கு."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அடிப்பாவி! ஒரு வாரமா செத்துச் செத்துப் பிழைச்சேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

"நாளைக்குப் பரணைச் சுத்தம் பண்ண வெக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஒத்துக்கிட்டீங்களே!"