கொள்ளிடத்துக்கு மணல் கொண்டுபோனவன்

பாரம் ஏற்றுகிற வித்தையில் இந்தத் திருச்சி ஜில்லாவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை அடக்கமாகத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைப் போட்டுவிட்டு மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனவன் நான். இருபத்தாறு வயதில் நெல் தரகன். சொந்த மோட்டார் சைக்கிள் வேறு. (இன்றைக்கு இரண்டு ஆலை இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.) அப்பேர்ப்பட்டவன், பாரம் ஏற்றிய விஷயத்தில்தான் மானம் கெட்டேன்.

வண்டி, பட்டாளத்தில் கழித்துக் கட்டியது. யுத்தம் முடிந்து வருஷக்கணக்கில் எங்கோ துருப்பிடித்துக் கிடந்து, கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. சினை எருமை கனம். சாய்ந்தால் நிமிர்த்த மூன்று ஆள் வேண்டும். எனக்கு அதிலேயே பெருமை. "கனமான வண்டிதாங்க தரையைப் பிடிச்சுக்கிட்டுப் போகும்" என்று டீக்கடை தவறாமல் பிரசங்கம் செய்வேன். தார் ரோட்டில் அது நிஜமும்கூட. எதிரே லாரி வந்தால் சைக்கிள்காரன் ஆடுவான். நான் அசைய மாட்டேன்.

ஒரே குறை, பின் சீட்டு. மூட்டை முடிச்சோடு ஏறும் சிப்பாய்க்காகப் போட்ட ஸ்பிரிங். ஒல்லி ஆள் உட்கார்ந்தால் அது அமுங்கவே அமுங்காது; ஆள்தான் பொரி மாதிரி துள்ள வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பாலக்கரை சவரிமுத்து வாத்தியாரின் மகள் லூர்துமேரியை எனக்குப் பேசினார்கள். மாதா கோவிலில் பூசைக்கு நடுவே ஒரு தடவை பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வாத்தியார் தயங்கினார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த ஒரு பையனும் கேட்டுக்கொண்டிருந்தான். "படிப்பு இல்லைங்கிறாங்க. ஞாயித்துக்கிழமை வீட்டை வந்து பாக்குறேன். ஆளையும் பாத்த மாதிரி ஆச்சு" என்று சொல்லியனுப்பினார். அவர் தலையாட்டினால் கல்யாணம், இல்லாவிட்டால் குமாஸ்தா.

நானே வண்டியில் வந்து அழைத்துப்போகிறேன் என்று பதில் அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: வாத்தியார் கருவாட்டு எடை. மண்ணச்சநல்லூர் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும்.

யோசித்தேன். காலி மாட்டு வண்டி எலும்பை உடைக்கும். அதிலேயே பாரத்தை ஏற்றினால் மெத்தை மாதிரி போகும். இது மூட்டை தூக்குகிற எவனுக்கும் தெரிந்த கணக்கு. அதையே மோட்டார் சைக்கிளுக்கும் போட்டேன். இரண்டு சாக்கில் அரை அரையாக மணலை நிரப்பி, வாயைத் தைத்து, பின் சீட்டோடு சேர்த்துக் கட்டி, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தொங்கவிட்டேன். (சிரிக்காதீங்க. அன்னிக்கு எனக்கு நானே கை தட்டிக்கிட்டேன்.)

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த வாத்தியார் சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன தம்பி?"

மணல் என்று சொல்ல வாய் வரவில்லை. "மில்லுக்குச் சாம்பிள் நெல்லுங்க. போற வழியில குடுத்துடலாம்."

"பரவாயில்லையே. ஞாயித்துக்கிழமையும் தொழிலை விடலை" என்று ஏறி உட்கார்ந்தார்.

காவேரிப் பாலம் தாண்டுகிறவரை வெண்ணெயில் கத்தி போன மாதிரி போனது. "குலுக்கலே இல்லையே தம்பி. ஜட்கா வண்டியில வந்தாக்கூட இந்த சுகம் வராது" என்றார். அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடக் கரைக்கு வந்ததும், "பாலத்துல எல்லாரும்தான் போறாங்க. இந்த வண்டி ஆத்துக்குள்ளேயே போகும், பாருங்க" என்று மணலில் இறக்கினேன்.

"எதுக்கு தம்பி, பாலம் சும்மாதானே இருக்கு?" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. விழுந்து என்ன செய்ய.

கோடைக் கொள்ளிடம், நடுவில் மட்டும் முழங்கால் தண்ணீர். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், தார் ரோட்டில் தரையைப் பிடித்த அதே கனம் மணலைத் தோண்ட ஆரம்பித்தது. பாரம் முழுக்கப் பின்னால் கிடந்ததால் முன் சக்கரம் பட்டம் மாதிரி லேசாகிவிட்டது. ஹாண்டிலை வலது பக்கம் திருப்பினால் வண்டி அதன் இஷ்டத்துக்கு இடது பக்கம் போயிற்று. முறுக்கினேன், முறுக்க முறுக்கப் பின் சக்கரம் புதைந்தது. கடைசியில் தண்ணீர் ஓரமாக, எருமை படுக்கிற நிதானத்தில், சாய்ந்து படுத்துக்கொண்டது. இரண்டு பேரும் மணலில் உருண்டோம். அடி இல்லை.

நிமிர்த்தப் பார்த்தேன். மூட்டை தூக்கின உடம்புதான், ஆனால் மணலில் கால் ஊன்றினால்தானே. நான் தம் கட்டத் தம் கட்ட, வண்டி அங்கேயே கிடந்தது. நான்தான் கீழே போனேன்.

அதற்குள் வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். "வண்டி கிடக்கட்டும் தம்பி. முதல்ல நெல்லைக் காப்பாத்துவோம், நனையுது பாருங்க." கயிற்றை அவிழ்த்து ஒரு சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்த மெலிந்த மனிதர் தள்ளாடித் தள்ளாடி மேட்டுக்கு நடந்தார்.

"வேணாங்க, விட்டுடுங்க" என்றேன்.

"ஊரான் நெல்லு. விடலாமா?"

குளித்துவிட்டுத் திருமண்ணோடு கரையேறிக்கொண்டிருந்த ஒரு ஐயங்கார் பெரியவர் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "அன்னமாச்சே ஸ்வாமி, வீணாகப்படாது. அடியேன் ஒரு கை பிடிக்கிறேன்." அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். பாலக்கரைக் கோவிலில் பார்த்த முகம் ஞாபகம் வந்தது; வாயை மூடிக்கொண்டேன்.

ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கினார்கள். நனைந்த சாக்கு. தையல் விட்டது. கொள்ளிடத்து மணல்மேல் என் மணல் கொட்டியது.

பெரியவர் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "நெல் இல்லையே ஸ்வாமி. மணலா இருக்கே." பிறகு ஆற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தார். "இங்கே பற்றாக்குறையா ஸ்வாமி?"

வாத்தியார் சிரிக்கவில்லை. மூச்சு வாங்க என்னையே பார்த்தார். "எதுக்கு தம்பி?" என்றார்.

"நீங்க குலுங்கக் கூடாதுன்னுங்க."

இரண்டாவது சாக்கையும் கழற்றிப் போட்டபின் மூன்று பேருமாகத் தூக்கினோம்; வண்டி எழுந்துகொண்டது. ஏறாமல், கூடவே நடந்து தள்ளியதும் கன்றுக்குட்டி மாதிரி கரைக்கு வந்தது. வாத்தியார் பாலத்துக்குப் போய் பஸ் ஏறினார், மண்ணச்சநல்லூர் பக்கம் இல்லை, பாலக்கரை பக்கம். "சாம்பிள் பாத்தாச்சு தம்பி, போதும்" என்று மட்டும் சொன்னார்.

குமாஸ்தா ஜெயித்துவிட்டான் என்று ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். பிறகு ஆள் வந்தது, கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொல்லி. நடந்தது பின்னால்தான் தெரிந்தது. வாத்தியார் வீட்டில் கொதித்துப்போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். "எதுக்கு மணலாம்?" என்று மகள் கேட்டிருக்கிறாள். "நான் குலுங்கக் கூடாதாம்." அவள் வெகுநேரம் சிரித்துவிட்டு, "பொய்யி சொன்னாரு, சரி. ஆனா குமாஸ்தா உங்களுக்காக ஒரு பிடி மண்ணு அள்ளுவாராப்பா?" என்றிருக்கிறாள்.

கல்யாணத்துக்கு முன்பே வண்டியை விற்றுவிட்டேன். மணல் மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. வந்தவர்களிடம் நான் பெருமை பேச ஆரம்பித்தால், அடுப்படியிலிருந்து குரல் வரும்: "மூட்டையைப் பிரிச்சுக் காட்டுங்க." இப்போது பேரப்பிள்ளைகளும் அதையே சொல்கின்றன.

இதை எழுதி முடித்து லூர்துமேரிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நல்லாத்தான் இருக்கு. பாதிதான் நெல்லு."