அடுத்த கட்டில் ஆண்ட்டி

"அங்கிள், மூச்சு விடுங்க," என்றாள் பயிற்சி ஆசிரியை ஹஸ்வானி.

"விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"பார்த்தா அப்படித் தெரியலையே. கையை ஏன் நெஞ்சு மேல கோத்து வச்சிருக்கீங்க? பக்கத்துல போடுங்க. பாதம் ரெண்டையும் இப்படி ஒட்ட வைக்காதீங்க. எனக்கே பயமா இருக்கு."

படுக்கச் சொன்னால் சூன் குவானுக்கு அப்படித்தான் படுக்க வந்தது. இத்தனை வருஷமாக மற்றவர்களை அப்படித்தானே படுக்க வைத்துப் பழக்கம். கைகளைப் பிரித்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தலையை இடப்பக்கம் திருப்பினார். தொந்தரவு அங்கே காத்திருந்தது.

அடுத்த கட்டிலில், இரண்டு கால்களையும் வாரில் மாட்டி ஆகாயத்தில் தொங்கவிட்டபடி, எண்பது வயதுக்குக் குறையாத ஓர் ஆண்ட்டி இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'போச்சு. கண்டுபிடித்துவிட்டார்,' என்று நினைத்தார் சூன் குவான்.

ஜெலுத்தோங்கில் சூன் குவானுக்குச் சவப்பெட்டிக் கடை. பினாங்குத் தீவில் அவர் பெட்டி தூக்கி இறக்காத தெரு இல்லை. வியாபாரப் பேச்செல்லாம் மனைவி லாய் பெங் பார்த்துக்கொள்வாள். அவர் பொறுப்பு தலைமாட்டுப் பக்கத்தைத் தூக்குவது. உயிரோடு நிற்கிற முகம் எதுவும் அவர் நினைவில் தங்காது. படுத்த முகம் ஒன்றுகூட மறக்காது.

ஒரு மழைநாளில் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றிலிருந்து, நல்ல சாப்பாட்டுக்காரரான ஒரு தலைமையாசிரியரை இறக்கும்போது முதுகில் ஏதோ 'சடக்' என்றது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "பிலாட்டிஸ் போங்க. இடுப்பைச் சுத்தியிருக்கிற தசையெல்லாம் கெட்டிப்படணும். இல்லாட்டி இனிமே ஒரு அரிசி மூட்டைகூடத் தூக்க முடியாது," என்றார்.

தூக்க முடியாவிட்டால் தலைமாடு மைத்துனன் கா ஹெங் கைக்குப் போகும். கா ஹெங் ஒரே ஒரு முறை தலைமாட்டைப் பிடித்திருக்கிறான். இடுகாட்டு மேட்டில் அவன் கை வழுக்கி, பெட்டி தானாகவே சரிவில் இறங்கிக் குழிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளும் பேரன்களும் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். கா ஹெங்குக்கு இன்றைக்கும் அது பெருமை. "எவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுது, பார்த்தீங்களா மச்சான்?" என்பான்.

அதனால் சூன் குவானுக்கு முதுகு வேண்டும். அப்பா விட்டுப்போன கடை. ஒரு மனிதனைக் கடைசியாக ஒருமுறை ஆட்டாமல் அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. அதை கா ஹெங்கிடம் விட அவருக்கு மனசு வரவில்லை.

ஆனால் இந்தத் தொழில்காரனை யார் சேர்த்துக்கொள்வார்கள்? சீனப் புத்தாண்டுக்கு அவர் வீட்டுப் படி ஏற ஆள் கிடையாது. வாங்கி வைத்த ஆரஞ்சுப் பழம் மேசையிலேயே சுருங்கும். முதலில் நீச்சல் குளத்துக்குப் போனார். அவர் யார் என்று ஒருவர் இன்னொருவர் காதில் சொன்னார். சற்று நேரத்தில் குளம் முழுவதும் அவருக்கே சொந்தமாயிற்று. பிறகு உடற்பயிற்சிக் கூடம். பக்கத்து மெஷினில் ஓடிக்கொண்டிருந்தவர், இதய ஆபரேஷன் முடிந்து வந்தவர், விஷயம் தெரிந்ததும் ஓட்டத்தை நிறுத்தாமலே இறங்கி வாசல் வழியாக ஓடிப்போனார். அவர் சைக்கிளைக்கூட எடுக்க வரவில்லை என்று பேச்சு.

மிஞ்சியது புலாவ் தீக்குஸில், மாடியில் இருக்கும் இந்த பிலாட்டிஸ் வகுப்பு ஒன்றுதான். அதனால் சேரும்போதே பொய் சொல்லிவிட்டார்.

"என்ன தொழில் அங்கிள்?" என்று ஹஸ்வானி கேட்டிருந்தாள்.

"மரச்சாமான்."

"அலமாரியா, கட்டிலா?"

"கட்டில்னே வச்சுக்கயேன்."

"ஒருத்தர் படுக்கிறதா, ரெண்டு பேரா?"

"ஒருத்தர்தான்."

"நல்லாத் தூக்கம் வருமா?"

"இதுவரைக்கும் யாரும் குறை சொல்லலை."

வகுப்பில் பலன் இருந்தது. ஸ்பிரிங் பூட்டிய அந்த நகரும் கட்டிலில் சறுக்கிச் சறுக்கி, சூன் குவான் போன வாரம் ஒரு கசாப்புக் கடைக்காரரைத் தனியாகவே தலைமாட்டில் தாங்கினார். முதுகு முனகவில்லை. இந்த நேரம் பார்த்தா இந்த ஆண்ட்டி முளைக்க வேண்டும்?

இரவுச் சாப்பாட்டில் லாய் பெங்கிடம் சொன்னார்.

"ஏதாவது எழவு வீட்டுல என்னைப் பார்த்திருக்கும். வாயைத் திறந்துச்சுன்னா முடிஞ்சுது. நான் படுத்த கட்டில்ல ஒருத்தியும் படுக்க மாட்டா."

"உயிரோட இருக்கிற ஒருத்தர் உங்க மூஞ்சியைத் திரும்பிப் பார்த்திருக்காங்க. அதுக்கே சந்தோஷப்படுங்க," என்றாள் லாய் பெங். "பயமா இருந்தா கிழமையை மாத்திக்கங்க. இதுக்குப் போய்க் கஞ்சியை ஆற விடறீங்களே."

திங்கட்கிழமையை விட்டுப் புதன்கிழமை மாலைக்கு மாறினார்.

புதன்கிழமை மாலை மாடி ஏறிக் கதவைத் திறந்தார். கதவுக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றார் அந்த ஆண்ட்டி. இவரைக் கண்டதும் அவர் தோளில் கிடந்த துண்டு நழுவித் தரையில் விழுந்தது.

'என்னைப் பிடித்துவிட்டதில் எவ்வளவு சந்தோஷம், பார்,' என்று சூன் குவான் நினைத்துக்கொண்டார். சரி, தப்பிக்க முடியாது. நல்லபடியாக நடந்து வாயை அடைப்போம் என்று துண்டை எடுக்கக் குனிந்தார். பாதிக்கு மேல் முதுகு வளையவில்லை. நிமிர்ந்து, தன் பையிலிருந்து புதுத் துண்டு ஒன்றை உருவி நீட்டினார்.

நீட்டிய பிறகுதான் பார்த்தார். வெள்ளைத் துண்டு. சிவப்பு நூலால் கட்டியது. நடுவில் ஒரு மிட்டாய். சாவு வீட்டுக்கு வந்து திரும்புகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புகிற துண்டு. கடையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். அவசரத்தில் லாய் பெங் அதில் ஒன்றைப் பையில் திணித்திருக்கிறாள்.

ஆண்ட்டியின் முகம் வெளுத்துப்போயிற்று.

"எனக்கா?"

"வச்சுக்கங்க ஆண்ட்டி. எங்ககிட்ட நிறைய இருக்கு."

"இப்பவேவா?"

"இப்ப வேணாம்னா அப்புறமாக் கொண்டுவந்து தரேன்."

ஆண்ட்டி சுவரோடு சுவராக ஒட்டி நகர்ந்து, அறையின் கடைசிக் கட்டிலில் போய்ப் படுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அன்றைக்கு அவர் ஒரு பயிற்சியும் செய்யவில்லை. சூன் குவானும் ஒழுங்காகச் செய்யவில்லை. ஹஸ்வானி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வகுப்பு முடிந்ததும் சூன் குவான் வரவேற்பு மேசைப் பெண்ணிடம் குரலைத் தாழ்த்தி, "அந்த ஆண்ட்டி திங்கக்கிழமைதானே வருவாங்க?" என்று கேட்டார்.

"ஆமா அங்கிள். திடீர்னு புதனுக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. அவசரமாம்."

சூன் குவான் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். தன் புது நேரத்தை எப்படியோ துப்பறிந்து வந்திருக்கிறார்! இது லேசுப்பட்ட ஆண்ட்டி இல்லை.

"சனிக்கிழமை விடிகாலை வகுப்புல யாராவது வராங்களா?"

"அந்த நேரத்துக்கு யாரு அங்கிள் எழுந்திருப்பா? காலியாத்தான் கிடக்கு."

"என்னை அதுல போட்டுடு. யாருக்கும் சொல்லிடாதே."

அன்றிரவு அவர் சரியாகத் தூங்கவில்லை. தூக்கமின்மையில் முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை ஒரு பெட்டியைத் தூக்கும்போது பாதி வழியில் தரையில் வைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கா ஹெங் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"நகருங்க மச்சான். வயசாச்சுல்ல? நான் பிடிக்கிறேன்."

"தொட்டே, கையை ஒடிச்சிருவேன்," என்று சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். வீட்டுக்கு வந்து, யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார்.

சனிக்கிழமை. தெரு விளக்கு அணையவில்லை. பின்பக்கப் படி வழியாக மேலே ஏறினார். அறையில் ஹஸ்வானி இருந்தாள். கட்டிலில் ஓர் ஆள் படுத்திருந்தார்.

அதே ஆண்ட்டி.

இருவரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றார்கள்.

"வாங்க அங்கிள்! இன்னைக்கு நீங்க ரெண்டே பேர்தான். நல்லாச் சொல்லிக் கொடுக்கலாம்," என்றாள் ஹஸ்வானி. அவள் ஆண்ட்டியின் கட்டிலருகே முழங்காலிட்டு, காலை ஊன்றும் கம்பியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தாள். "இந்தக் கம்பி அவங்க உயரத்துக்குச் சரியாவே அமையலை. அங்கிள், நீங்க கட்டில் செய்யறவராச்சே. ஆண்ட்டி எவ்வளவு உயரம் இருப்பாங்க?"

சூன் குவான் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் படுத்திருக்கிற ஆளைக் காட்டி அளவு கேட்டால், அவருடைய வாய் அவரைக் கேட்டுக்கொண்டு பேசாது.

"நாலடி பத்தரை அங்குலம். தோள் பதினஞ்சு. இடுப்புப் பக்கம்தான் கொஞ்சம் தாராளமா வைக்கணும்."

ஆண்ட்டி எழுந்தார். எழுந்தார் என்பது சரியல்ல. வாரை உதறிக்கொண்டு ஸ்பிரிங்கோடு ஸ்பிரிங்காகக் கிளம்பினார். செருப்பைக்கூட மாட்டாமல் படியில் இறங்கி ஓடினார்.

"ஆண்ட்டி! முட்டி மடங்காதுன்னு சொன்னீங்களே!" என்று கத்தினாள் ஹஸ்வானி.

போலீசுக்குத்தான் ஓடுகிறார், அல்லது அதைவிட மோசமாக, மார்க்கெட்டுக்கு ஓடுகிறார் என்று சூன் குவானுக்குத் தோன்றியது. மார்க்கெட்டில் சொன்னால் போதும், மத்தியானத்துக்குள் தீவு முழுவதற்கும் தெரிந்துவிடும். அவரும் காலுறையோடு பின்னாலேயே ஓடினார். ஓடுகையில், முதுகு வலிக்கவில்லை என்பதை ஒரு கணம் கவனித்தார், சந்தோஷப்பட நேரமில்லை.

மார்க்கெட்டில் மீன்காரர்கள் அப்போதுதான் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தார்கள். காய்கறிக் கடை முட்டுச்சந்தில் ஆண்ட்டிக்கு மேலே போக வழியில்லை. கூடையிலிருந்து ஒரு பெரிய வெள்ளை முள்ளங்கியை உருவி, இரண்டு கைகளாலும் ஓங்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார்.

"கிட்ட வராதே!"

"வரலை ஆண்ட்டி, வரலை!" சூன் குவான் கையெடுத்துக் கும்பிட்டார். மூச்சு வாங்கியது. "தயவுபண்ணி யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இந்த இடமும் போச்சுன்னா என் முதுகு போச்சு, முதுகு போச்சுன்னா கடையே போச்சு. நீங்க என்ன கேட்டாலும் செய்யறேன்."

ஆண்ட்டி முள்ளங்கியைச் சற்றே தாழ்த்தினார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை அடக்கிக் கெஞ்சினார்:

"தம்பி, எனக்குன்னு முன்கூட்டியே உங்க கடையில வாங்கிப் போட்டிருக்கேனே ஒரு பெட்டி, அதுல இடுப்பு நுழையலைன்னுதான் இந்த வயசுல அந்த வகுப்புக்கு வந்து சாகறேன், இன்னும் ரெண்டே அங்குலம்தான் குறையணும், அதுக்குள்ள அளவெடுக்கறேன்னு கிழமைக்குக் கிழமை என்னைத் துரத்திக்கிட்டு வராதப்பா!"